ஹிட்மேன் கேமின் புது மேப்கள்: நியூயார்க் வங்கியை முன்வைத்து

மறைந்து மறைந்து ஆடும் ஸ்டெல்த் கேமில் புது மேப், அதாவது ஆட்டம் நடக்கும் புது இடம் திறந்தால், முதல் ஆட்டத்தில் நான் யாரையும் கொல்வதில்லை. துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இல்லை. சும்மா நடப்பேன். எந்தக் கதவு திறந்து கிடக்கிறது, எந்தக் கதவுக்குப் பக்கத்தில் கார்டு நிற்கிறார், சமையற்காரர் எப்போது வெளியே வருகிறார், இந்த மாடிப்படி எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, இன்னும் டார்கெட்டையே பார்க்கலையா?" என்று அவசரப்படுவான். "இருடா, முதல்ல இடம் பழகட்டும்" என்பேன். ஹிட்மேன் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே இந்த இடம் பழகும் நேரம்தான். அதனால்தான் அதில் புது மேப் வருகிறது என்றால் அவ்வளவு ஆசையாகக் காத்திருப்பேன். புதுத் துப்பாக்கி, புது உடை, புதுக் கதை எதுவும் எனக்கு அந்த ஆசையைத் தந்ததில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் ஐஓ இன்டராக்டிவ் 2000-இல் முதல் ஹிட்மேனை வெளியிட்டது. நான் பேசுவது 2016, 2018, 2021 ஆண்டுகளில் வந்த மூன்று பாகங்களைப் பற்றி. மூன்றும் இப்போது 'ஹிட்மேன் வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்' என்ற ஒரே கேமாகக் கிடைக்கின்றன. நாம் ஏஜென்ட் 47. மொட்டைத் தலை, பின்னந்தலையில் பார்கோடு, சிவப்பு டை. சொன்ன ஆளை மட்டும் முடித்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் வெளியே வர வேண்டும். அதற்கு முக்கியமான ஆயுதம் உடைதான். ஒருவரை மயக்கமடையச் செய்து அவர் உடையைப் போட்டுக்கொண்டால், அவருக்கு அனுமதி உள்ள இடமெல்லாம் நமக்கும் அனுமதி. ஆனால் அந்த உடைக்காரரை நன்றாகத் தெரிந்த மேற்பார்வையாளர்கள் அங்கங்கே இருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி தெரியும். அவர்கள் முன்னால் அதிக நேரம் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேம் இவ்வளவுதான். பார்த்தால் எளிது. மேப் நன்றாக அமைந்துவிட்டால் இதே எளிய விதிகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விளையாடலாம். மேப் சுமாராக இருந்தால் எத்தனை ஆயுதம் கொடுத்தாலும் இரண்டாம் முறை திறக்கத் தோன்றாது.

நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் வேலை பார்ப்பவள். 2019 ஜூனில் ஹிட்மேன் 2-க்குக் கூடுதல் மேப்பாக நியூயார்க் வந்தது. அதில் மில்டன்-ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற கற்பனை முதலீட்டு வங்கியின் கட்டடத்துக்குள்தான் ஆட்டம் முழுவதும். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

வங்கி என்பதே எல்லைகளால் ஆன கட்டடம். வாடிக்கையாளர் கூடத்தில் யாரும் நிற்கலாம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஊழியர் மட்டும். அதிலும் கேஷ் கேபினுக்குள் எல்லா ஊழியரும் வந்துவிட முடியாது. அதற்கும் அப்பால் லாக்கர் அறை, ஸ்ட்ராங் ரூம். வாசலிலிருந்து உள்ளே போகப் போக, 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்ற கேள்வி கனமாகிக்கொண்டே போகும். ஸ்டெல்த் கேமுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. ஐஓ இன்டராக்டிவ் ஆட்களுக்கு இது புரிந்திருக்கிறது. கீழே உயரமான மண்டபம், அங்கே டெல்லர் (காசாளர்) கவுண்டர்கள், காத்திருக்கும் மக்கள். மேலே முதலீட்டுப் பிரிவின் தளம், அதன் இரைச்சல். இன்னும் மேலே போனால் இயக்குநரின் அலுவலகம். நிலத்தடியில் வால்ட் என்ற பாதுகாப்புப் பெட்டக அறை. ஒரே கட்டடம்தான், ஆனால் ஒவ்வொரு தளத்திலும் காற்றே வேறு மாதிரி இருக்கிறது. மண்டபத்தில் பேசுபவர்கள் தணிந்த குரலில் பேசுகிறார்கள். முதலீட்டுத் தளத்தில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கீழே இறங்கினால் காலடிச் சத்தம் தனியாகக் கேட்கிறது.

டார்கெட் ஒருவர்தான். வங்கி இயக்குநர் அதீனா சவாலஸ். அவரை முடிப்பதோடு, வால்டுக்குள் இருக்கும் டேட்டா கோர் என்ற தகவல் சேமிப்புக் கருவியையும் எடுத்துவர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. வால்டுக்குள் இறங்காமலும் வேலையை முடிக்கலாம். அதே தகவலின் பேக்கப் மூன்று டிஸ்க்குகளாக வங்கியின் பெரிய ஆட்களிடம் பிரிந்து கிடக்கிறது. மூன்றையும் சேர்த்துவிட்டால் போதும். எங்கள் கிளையில் ஸ்ட்ராங் ரூமை எந்த அதிகாரியும் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு பேரிடம் இரண்டு சாவி, இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஜாயின்ட் கஸ்டடி என்போம். பூட்டை விட ஆட்களைப் பிரித்து வைப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. பூட்டை உடைக்கப் போகிறாயா, அல்லது சாவி வைத்திருக்கும் ஆட்களைத் தேடிப் போகிறாயா என்று இந்த மேப் அந்த அடிப்படையையே கேள்வியாக்கி நம் முன் வைக்கிறது. முதல் வழியில் லேசர் கதிர்களும் ஆயுதம் ஏந்திய காவலும் குறுக்கே நிற்கும். இரண்டாவது வழியில் மனிதர்கள், அவர்கள் பழக்கங்கள், அவர்கள் தனியாக இருக்கும் சில விநாடிகள்.

உடைகளும் அருமை. டெல்லர் உடை, செக்யூரிட்டி உடை, ஐடி ஆள் உடை, துப்புரவுப் பணியாளர் உடை, முதலீட்டு அதிகாரியின் கோட். வேலை கேட்டு வந்தவரின் உடையில் போய் இன்டர்வியூவில் உட்காரவும் முடியும். 47 தன் வழக்கமான உணர்ச்சியற்ற முகத்தோடு பதில் சொல்வதை ரசித்துக் கேட்டேன். ஆனால் எனக்கு நெருக்கமாகப் பட்டது டெல்லர் உடைதான். கவுண்டருக்குப் பின்னால் போய் நிற்கலாம். முன்னால் மக்கள் வந்து போகிறார்கள், பின்னால் செக்யூரிட்டி நடக்கிறார், நம்மை யாரும் கவனிப்பதில்லை. தினமும் அந்த இடத்தில் நிற்கும் எனக்கு அந்த உணர்வு நன்றாகத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரின் முகத்தை எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? இந்தக் கேம் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. டார்கெட் ஒருவர் மட்டும் என்பதால், கட்டடம் பழகிவிட்ட பிறகு சவாலஸைச் சுற்றி நடக்கும் சம்பவங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன. வால்ட் பகுதியில் கார்டுகளை நெருக்கமாக நிறுத்திவிட்டதால், பொறுமையாக ஆட விரும்புகிறவருக்கு அங்கே அசைய இடமே இல்லை. அப்புறம், கதைக்காக வங்கியில் அன்றைக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பாரிஸ் மேப்பில் ஃபேஷன் ஷோ ஓடும், மயாமியில் கார் ரேஸ் ஓடும். இங்கே வழக்கமான ஒரு வேலை நாள். எனக்கு அது பிடித்திருந்தது. திருவிழாக் கூட்டத்தை எதிர்பார்க்கிறவருக்குச் சப்பென்று இருக்கலாம்.

இந்த வங்கி மேப் ஏன் நன்றாக இருக்கிறது என்று யோசித்தபோது, மற்ற மேப்களையும் அதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். பொது இடத்திலிருந்து அந்தரங்க இடம் வரை படிப்படியாக இறுகிக்கொண்டே போகிற மேப்தான் நல்ல மேப். முதல் படி அகலமாக இருக்க வேண்டும். யாரென்று தெரியாத ஆளாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல் உலாவ ஓர் இடம் வேண்டும். 2016 பாகத்தின் சபியென்சா இதற்கு முதல் உதாரணம். இத்தாலியக் கடலோர ஊர். சதுக்கம், ஐஸ்கிரீம் கடை, தேவாலயம், சந்துகள் எல்லாம் நம் சொந்த ஊர் போலத் திறந்து கிடக்கும். அங்கிருந்து மதில் தாண்டினால் சில்வியோ கருஸோவின் மாளிகை, மாளிகைக்கு அடியில் பாறைக்குள் வைரஸ் ஆய்வகம். ஐஸ்கிரீம் கடையில் நின்றவர் ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு வரை எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் ஆட்டமே. அதே பாகத்தின் கொலராடோ தோற்பதும் இந்த இடத்தில்தான். ஆயுதக் குழு ஒன்றின் பண்ணை அது. நான்கு டார்கெட். ஆனால் பொது இடமே இல்லை. காலடி வைத்த நொடியிலிருந்து நாம் அத்துமீறி நுழைந்தவர். ஊர் பார்க்க வழியில்லாத ஊர்.

ஹொக்கைடோ மருத்துவமனை வேறு ரகம். அங்கே ஆயுதம் எதுவும் இல்லாமல் நோயாளியாக ஓர் அறையில் தொடங்குகிறோம். கதவுகளுக்குச் சாவி கிடையாது, நாம் போட்டிருக்கும் உடையைப் பார்த்துத்தான் திறக்கும். உடைதான் அனுமதி என்ற விதியைக் கட்டடத்தின் சுவருக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். 2016-இல் வந்த மேப்களில் என் கணக்கில் சபியென்சாவுக்கு அடுத்தது இதுதான்.

முதல் பாகம் வெளிவந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் பாரிஸ் மட்டும் வந்தது. ஏப்ரலில் சபியென்சா, மே மாதம் மராகேஷ், பிறகு இடைவெளி விட்டு ஆகஸ்டில் பாங்காக், செப்டம்பரில் கொலராடோ, அக்டோபர் கடைசியில் ஹொக்கைடோ. முழு விலைக்குத் துண்டு துண்டாகத் தருகிறார்கள் என்று அப்போது பலருக்கும் கோபம். நான் இதில் மறுபக்கம். கையில் இருப்பது ஒரே ஊர் என்றால் அந்த ஊரில் வாழத்தான் செய்வோம். சலவைக்காரி எந்த வழியாகப் போகிறாள் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகும். பெரும்பாலான மேப்களில் மாஸ்டரி என்று 20 படிகள் உண்டு. புதுச் சவால்களை முடிக்க முடிக்க அது ஏறும். ஏற ஏற, வேறு இடத்திலிருந்து வேறு உடையில் தொடங்கும் உரிமை கிடைக்கும். நேற்று வாசலில் அன்னியராக நின்றவர் இன்று சமையலறையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு தொடங்கலாம். இடம் பழகியதற்கு அந்த இடமே தரும் மரியாதை அது. இப்போது இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் மொத்தமாகக் கிடைப்பதால், புதிதாக வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கொலையை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஹிட்மேன் 2-இன் மும்பை பற்றி நம் ஆட்களிடம் பேசினால் முதலில் வருவது, மும்பையில் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்களே என்ற குறைதான். உண்மைதான். பின்னணிக் குரல்களில் இந்தியும் மராத்தியும் கொட்ட வேண்டிய தெரு அது. அதைத் தாண்டிப் பார்த்தால், கூட்டத்தை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய மேப் இந்த வரிசையில் வேறில்லை. கூட்டத்துக்குள் கலந்து மறைவது ஹிட்மேன் 2-இல்தான் சேர்ந்தது. அது மும்பையின் நெரிசலில்தான் முழுப் பலன் தருகிறது. மூன்று டார்கெட்டில் சினிமா தயாரிப்பாளர் தாவூத் ரங்கன், கட்டி முடியாத தன் கோபுரத்தில் இருக்கிறார். வான்யா ஷா ரயில் யார்டில். மூன்றாமவர் மேல்ஸ்ட்ராம் எப்படி இருப்பார் என்றே நமக்குத் தெரியாது. தெருவில் விசாரித்து அடையாளத்தைச் சேகரிக்க வேண்டும். போதாததற்கு, காஷ்மீரியன் என்ற இன்னொரு கொலையாளியும் அதே ஊரில் காத்திருக்கிறார். வழி தெரிந்துவிட்டால், அவர் குண்டிலேயே நம் வேலையை முடித்துக்கொள்ளலாம். இரண்டு கொலையாளிகள் ஒருவரையொருவர் கவனிக்கும் அந்த அமைப்புக்காகவே மும்பையை மறுபடி மறுபடி ஆடலாம்.

வங்கிக்குப் பிறகு 2019 செப்டம்பரில் வந்த மாலத்தீவு மேப்பில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை. ஹேவன் தீவு என்ற சொகுசு விடுதி. கடல் நீலம் கண்ணைப் பறிக்கும், தண்ணீர் மேல் வில்லாக்கள், மூன்று டார்கெட். ஆனால் தீவு தட்டையாக விரிந்து கிடக்கிறது. மேலே, கீழே என்று அடுக்கு குறைவு. விருந்தாளி, ஊழியர், காவலர் என்று மூன்றே வகை மனிதர்கள். ஒரு மாலை நேரத்துக்கு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

2021 ஜனவரியில் வந்த ஹிட்மேன் 3 ஒரு நல்ல காரியம் செய்தது. சில ஏணிகளும் கதவுகளும் ஒருமுறை உள்ளிருந்து திறந்துவிட்டால் அந்த மேப்பில் நிரந்தரமாகத் திறந்தே இருக்கும். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. நாம் கற்றது கட்டடத்திலேயே தங்குகிறது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மாளிகையில் துப்பறிவாளர் உடையைப் போட்டுக்கொண்டு, கொல்ல வந்த வீட்டிலேயே ஒரு கொலையைத் துப்புத் துலக்கலாம். ஒவ்வோர் அறையையும் தடயம் தேடும் கண்ணோடு பார்க்க வைப்பதால், வழி பழகுவதும் துப்பறிவதும் ஒரே வேலையாகிவிடுகிறது. பெர்லின் இன்னும் துணிச்சலானது. பழைய மின் நிலையத்துக்குள் இரவு விடுதி. கூட்டத்தில் கலந்திருக்கும் ஏஜென்ட்கள் நம்மைத் தேடுகிறார்கள். காதில் வழி சொல்லும் டயானாவின் குரல் இல்லை. 'இப்படிச் செய்' என்று கைப்பிடித்து அழைத்துப்போகும் மிஷன் ஸ்டோரியும் இல்லை. ஐந்து பேரை முடித்தால் மற்றவர்கள் பின்வாங்குவார்கள். யார் அந்த ஐந்து பேர், எந்த வரிசையில், எப்படி என்பதெல்லாம் நம் பாடு. புது மேப் என்றால் புதுச் சுவர்கள் மட்டும் போதாது, பார்க்கும் விதமும் மாற வேண்டும் என்பதற்கு பெர்லின் சாட்சி. இதே பாகத்தின் கடைசி மேப்பான ரயிலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நேர்கோட்டில் நடக்க வேண்டும். கதையை முடிக்க அது உதவியிருக்கலாம். திரும்பிப் போய் ஆட அதில் ஒன்றும் இல்லை.

2022 ஜூலையில் ஹிட்மேன் 3 வைத்திருந்த எல்லாருக்கும் இலவசமாக ஆம்ப்ரோஸ் தீவு வந்தது. கேம் வெளியாகி ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு முழு மேப், அதுவும் காசு வாங்காமல். மனதார நன்றி சொல்கிறேன். அந்தமான் கடலில் ஒரு கற்பனைத் தீவு. கடற்கொள்ளையர் ஒரு பக்கம், நோயல் கிரெஸ்டின் ஆயுதக் குழு இன்னொரு பக்கம். கொள்ளையர் தலைவியின் பெயர் சின்ஹி வேந்தன், எல்லாரும் 'அக்கா' என்றே அழைக்கிறார்கள். கேமில் முதல்முறை அந்த அழைப்பைக் கேட்டபோது அண்ணன் மகன் துள்ளிவிட்டான். கொள்ளையர் உடையில் சுதந்திரமாகத் திரிந்த கால்கள் ஆயுதக் குழுவின் முகாம் வாசலில் நின்றுவிடும். அங்கே வேறு உடை வேண்டும். கிராமம், கரையில் சிதைந்து கிடக்கும் கப்பல், காடு, குகை என்று உயரமும் பள்ளமுமாக இருப்பதால், மாலத்தீவில் இல்லாத அடுக்கு இங்கே கிடைக்கிறது. ஒளிய மரமும் புதரும் ஏராளம். என் குறை, காட்டுப் பாதைகள் ஒன்றுபோலவே இருப்பதால் வழி மனதில் பதிய நேரமாகிறது.

2023 ஜனவரியில் ஃப்ரீலான்சர் என்ற புது முறையும் இலவசமாகச் சேர்ந்தது. பழைய மேப்களுக்கே போவோம், ஆனால் டார்கெட் யார், எங்கே இருப்பார் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். நடுவில் சேவ் செய்து திரும்பிப் போக முடியாது. ஊரை உண்மையிலேயே பழகியவர்களுக்குத்தான் இது. வங்கியில் துப்புரவு அறை எங்கே, எந்தப் படிக்கட்டில் கேமரா இல்லை என்று தெரிந்து வைத்திருந்ததெல்லாம் இங்கே கை கொடுக்கிறது. புது மேப் வராத காலத்திலும் பழைய மேப்பை மறுபடி புதிதாக்கிவிட்டார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மாஸ்டரி ஏறவும் சவால்கள் பதிவாகவும் இணைய இணைப்பு தேவை. தனியாக ஆடும் கேமுக்கு இப்படி ஒரு கட்டாயம் நியாயமில்லை. நெட் நிலையாக இல்லாத வீடு என்றால் யோசித்து வாங்குங்கள். அடுத்தது, நியூயார்க்கும் மாலத்தீவும் ஹிட்மேன் 2-இன் எக்ஸ்பான்ஷனாக, அதாவது கூடுதல் தொகுப்பாக வந்தவை. எல்லாப் பதிப்பிலும் அவை சேர்ந்திருக்கும் என்று நம்பாமல், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருந்தால் தவறில்லை.

எந்த வரிசையில் ஆடலாம் என்று என்னைக் கேட்டால்: பாரிஸில் விதிகளைக் கற்றுக்கொண்டு சபியென்சாவில் நிறைய நாள் தங்குங்கள். கொலராடோவைக் கதைக்காக ஒருமுறை பாருங்கள். மும்பைக்கு நேரம் ஒதுக்குங்கள். நியூயார்க் வங்கிக்குள் போனதும் நேரே வால்டுக்கு ஓடாமல், முதலில் மண்டபத்தில் வாடிக்கையாளராகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கவுண்டருக்குப் பின்னால் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்துவிட்டு டெல்லர் உடையைத் தேடுங்கள். பெர்லினை மட்டும் யார் பேச்சையும் கேட்காமல், வீடியோ எதுவும் பார்க்காமல் ஆடுங்கள்.